வீட்டுப் பாவனை – வாசகர் கேள்வி பதில்: பொஞ்சோ லைனர் போர்வை

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த மச்சான் 'பொஞ்சோ லைனர்' என்று ஒரு வெற்றுப் பச்சைப் போர்வையைத் தந்துவிட்டுப் போனார். தொட்டுப் பார்த்தால் பெட்சீட் தடிப்புத்தான். இது என்னத்தைக் குளிர் தாங்கப் போகிறது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஏசி அறையில் ஒருமுறை போர்த்திப் படுத்தால் சந்தேகம் போய்விடும். மழைக்குப் போடும் பொஞ்சோவின் உட்புறத்தில் கட்டிக்கொள்ளவென்று அமெரிக்க இராணுவம் 1960களில், வியட்நாம் போர்க் காலத்தில், கொண்டுவந்த சாமான் இது. அதற்கு முன்பிருந்த கம்பளி நனைந்தால் பாரம், காயவும் நாட்கள் எடுக்கும். இதிலோ இரண்டு நைலோன் துணி, நடுவே மெல்லிய பொலியெஸ்டர் பஞ்சு விரிப்பு, மூன்றையும் பிடித்துவைக்கும் தையல், அவ்வளவுதான். நீளம் ஏறக்குறைய 82 அங்குலம், அகலம் 62. பஞ்சுக்குள் அகப்பட்டு நிற்கும் காற்றுத்தான் உடம்புச் சூட்டைக் காக்கிறது. நைலோனின் நெருக்கமான நெசவு மின்விசிறிக் காற்றை உள்ளே விடாது. இன்னொன்று, பருத்தி தன் எடையில் ஏழெட்டு வீத ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுத்து வைத்திருக்கும். பொலியெஸ்டர் அரை வீதமும் இழுக்காது. கொழும்புக் காற்றில் பருத்திப் போர்வை நமுத்துக் கிடக்க, இது காய்ந்தாற்போல இருப்பது அதனால்தான்.

ஏசி இல்லாத வீடென்றால் சித்திரை மாத இரவில் வியர்க்கும். காலடியில் மடித்து வையுங்கள், விடியப்புறம் தேடுவீர்கள்.

கேள்வி: இணையத்தில் உருமறைப்பு நிறத்தில், பாவித்த அசல் இராணுவச் சாமான் மலிவாகக் கிடைக்கிறது. எடுப்பிக்கலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம். இராணுவத்திலிருந்து கழிந்து வருபவற்றில் பெரும்பாலானவை உருமறைப்பு அச்சுத்தான். அந்தத் துணியை இந்த நாட்டில் வீட்டுக்கு எடுப்பித்து, சுங்கத்திலும் சோதனைச் சாவடியிலும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பது ஒரு போர்வைக்குப் பெறுமதியான வேலையல்ல. வெற்றுப் பச்சை, மண்ணிறம், கறுப்பு நிறங்களில் தனியார் தயாரிப்புகள் உண்டு. வாங்குமுன் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பஞ்சு திட்டுத் திட்டாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். நல்லது கிடைக்காவிட்டால் அடுத்த பதிலைப் படியுங்கள், இங்கேயே தைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: இதை இங்கேயே தைத்துக்கொள்ள முடியாதா? எவ்வளவு துணி வாங்க வேண்டும்? தையல்காரரிடம் என்ன சொல்ல வேண்டும்?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: தாராளமாகத் தைக்கலாம். சாதாரண வீட்டு மெஷினே போதும். 58 முதல் 60 அங்குல அகலத் துணியில் ஒட்டுப் போடாமல் 80க்கு 56 அங்குலப் போர்வை வரும். பக்கத்துக்கு இரண்டரை யார், இரு பக்கத்துக்கும் ஐந்து யார் நைலோன். பஞ்சு விரிப்பு, சதுர மீற்றருக்கு 100 கிறாம் எடையில், இரண்டரை யார். கரைக்கு ஓர் அங்குல நாடா எட்டு யார். பொஞ்சோவோடு சேர்த்துக் கட்டும் கட்டுநாடாவுக்கு மெல்லிய நாடா ஐந்தரை யார். தைத்து முடித்தால் 700 கிறாம் அளவில் நிற்கும்.

துணி எடுக்கும்போது ஒரு சோதனை. புறக்கோட்டைப் புடவைக் கடைகளில் ஜாக்கெட்டுக்கும் பைக்கும் விற்கும் நைலோனில் சின்னச் சின்னக் கட்டமாகத் தடித்த நூல் ஓடியிருந்தால் அது ரிப்ஸ்டொப், கிழிந்தாலும் கட்டத்தைத் தாண்டி ஓடாது. ஆனால் பலவற்றின் பின்பக்கம் மழைக்குப் பூசிய பூச்சு இருக்கும். துணியை வாயில் அழுத்தி ஊதிப் பாருங்கள். காற்று சற்றுச் சிரமப்பட்டாவது வெளியே வர வேண்டும். வராவிட்டால் அது பூசிய துணி. போர்த்தினால் விடியும்போது உள்ளே ஈரம் கோத்திருக்கும், திரும்பிப் படுக்கும் ஒவ்வொரு முறையும் சரசரக்கும். பஞ்சிலும் மேல்தோல் இறுகப் பதிந்த விரிப்பாகக் கேளுங்கள். இழுத்தால் உதிரும் தளர்ந்த பஞ்சு, ஊசித் துளை வழியே மயிர் மயிராக வெளியே வரும்.

பெரும்பாலான வேலை கெடுவது தையல் கோட்டில். தையல்காரர் அழகுக்காக இரண்டு அங்குலக் கட்டம் போட்டுத் தருவார். பார்க்க நன்றாயிருக்கும், போர்த்தினால் குளிரும். ஒவ்வொரு கோட்டிலும் பஞ்சு நசுங்கி, அந்த இடத்தில் காற்றே இல்லாமல் போகிறது. கோட்டுக்குக் கோடு ஐந்து அங்குலம் விடச் சொல்லுங்கள். அதைவிட அகட்டினால் கழுவக் கழுவப் பஞ்சு சரிந்து ஒரு பக்கம் கூடும்.

நைலோன் வழுக்கும். எனவே முதலில் மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, நடுவிலிருந்து வெளிப்புறமாகக் கைத்தையலால் நீட்டு நீட்டாக ஓட்டிக்கொள்ள வேண்டும். குண்டூசி வேண்டாம், துளை மறையாது. 11ஆம் இலக்க ஊசி, பொலியெஸ்டர் நூல், தையல் நீளம் 3 மில்லிமீற்றர். தையல் சிறுத்தால் துணி முத்திரை ஓரம்போலத் துளைபட்டு, இழுத்ததும் கிழியும். மெஷின் பாதத்தின் அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கவும். தைத்தபின் ஓரிரு அங்குலம் சுருங்கும். அதனால் கரையை வெட்டிச் சமன்படுத்துவதும் நாடா பிடிப்பதும் கடைசியில்தான். நான்கு மூலையிலும் நான்கு பக்கத்தின் நடுவிலும் இரண்டடி நாடாவை இரண்டாக மடித்து, கரை நாடாவுக்குள் செருகித் தைத்தால் எட்டுக் கட்டு.

கேள்வி: சிவனொளிபாதமலைக்கும் நுவரெலியாவுக்கும் இதை மட்டும் கொண்டு போனால் போதுமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: நுவரெலியாவில் தை, மாசி இரவுகள் 10 பாகைக்குக் கீழே இறங்கும். அங்கே இது தனியாகப் போதாது. விடுதிக் கம்பளிக்குக் கீழே, உடம்போடு ஒட்டிப் போர்த்துங்கள். மேலே பாரமான கம்பளி பஞ்சைச் சற்று அமுக்கும், இருந்தாலும் நன்மையே அதிகம். கீழே ஒரு பாய் அவசியம். உடம்புக்கு அடியில் நசுங்கிய பஞ்சு எந்தக் குளிரையும் தடுக்காது.

மலையுச்சியில் (2,243 மீற்றர்) சூரிய உதயத்துக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு இதுவே தோது. ஏறி முடித்ததும் வியர்த்த சட்டையை முதலில் மாற்றிவிட்டுப் போர்த்துங்கள். காற்று அடித்தால் மேலே பொஞ்சோ, ஆனால் முழுக்க மூடாமல் ஒரு பக்கம் திறந்து. பொஞ்சோ மூச்சு விடாது, உள்ளே வியர்வை நீராய் நிற்கும். நெருப்பு மூட்டிய இடத்தில் தள்ளி இருங்கள். நைலோன் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: எப்படிக் கழுவுவது? குழந்தைக்குப் போர்த்தலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: குளிர்ந்த நீர், கொஞ்சமாகச் சலவைத் தூள். வெளிற்றும் திரவமும் வாசனைத் துணி மென்மையாக்கியும் வேண்டாம். பின்னது துணியில் படிந்துகொள்ளும். முறுக்கிப் பிழியாமல் நீரை வடியவிட்டு நிழலில் போட்டால் மழைநாளிலும் மின்விசிறிக்குக் கீழே ஓரிரவில் காயும். இஸ்திரிப் பெட்டி கிட்டவும் வரக்கூடாது. பைக்குள் இறுக்கி மாதக்கணக்கில் வைத்தால் பஞ்சு படிந்துவிடும், மீட்க முடியாது. அலுமாரியில் தளர்வாக மடித்து வையுங்கள்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இது மட்டுமல்ல, எந்தத் தளர்ந்த போர்வையும் தூங்கும்போது கூடாது, முகத்தை மூடிவிடும். பெரிய பிள்ளைகளுக்குக் கொடுப்பதானால் எட்டுக் கட்டுநாடாக்களையும் வெட்டி, நுனியில் மறுதையல் போட்டுவிட்டுக் கொடுங்கள்.