எடை சரிதான், தசை எவ்வளவு? பைபாஸுக்கு முந்தைய அளவுகள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. உயரம் 165 செ.மீ., எடை 62 கிலோ. அடுத்த மாதம் பைபாஸ். கையிலும் காலிலும் ஒயர் ஒட்டி அளந்துவிட்டு, ‘தசை குறைவு, ஃபேஸ் ஆங்கிள் 4.3’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எடை சரியாக இருக்கும்போது இது எதற்கு?

எடைமேடைக்குக் கொழுப்பும் தசையும் ஒன்றுதான். அப்பாவின் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 22.8, கணக்குப்படி குறையில்லை. ஆனால் நம் ஊர் உடல்வாகில் வயிறு முன்னால் தள்ளியிருக்கும், தொடை மெலிந்திருக்கும். இரண்டும் சேர்ந்து ‘சரியான எடை’ ஆகிவிடும்.

தசை ஏன் முக்கியம் என்பது ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாளே தெரியும். நெஞ்செலும்பைப் பிளந்து கம்பியால் கட்டியிருப்பதால் கையை ஊன்றி எழக்கூடாது. கட்டிலிலிருந்து எழும் பாரம் முழுக்கத் தொடைக்குத்தான். சளியை இருமி வெளியேற்ற விலா, வயிற்றுத் தசைகள் வேண்டும். காயம் ஆறத் தேவையான புரதத்தையும் உடல் தசையைக் கரைத்தே எடுக்கும். சேமிப்பு குறைவாக இருந்தால் வென்டிலேட்டரிலும் ஐசியூவிலும் நாள் கூடலாம், தொற்றும் வரலாம்.

ஃபேஸ் ஆங்கிள் (கோணம்) என்பது அந்த ஒயர்கள் வழியே உடலில் செலுத்தும் மின்சாரம் செல் சவ்வுகளில் எவ்வளவு தாமதிக்கிறது என்பதை டிகிரியில் சொல்லும் எண். மின்சாரம் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு, உறைக்காது. ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 5 முதல் 7 வரை இருக்கும். வயது ஏற ஏறக் குறையும், பெண்களுக்குச் சற்றுக் குறைவு. கனடாவின் மாண்ட்ரீலில் இதய அறுவை சிகிச்சைக்கு வந்த 277 பேரை அளந்து 2018இல் வெளியான ஆய்வில், கோணம் குறைந்தவர்களுக்குத் தளர்ச்சியும் ஒரு மாதத்துக்குள் இறப்பும் கூடுதலாக இருந்தன. ஆபத்தைக் கணிக்க வழக்கமாகப் போடும் யூரோஸ்கோர்-2 கணக்கில் தசை அளவுக்கு இடமே இல்லை. அதனால்தான் தனியாக அளக்கிறார்கள். 4.3 என்பது ‘ஆபரேஷன் வேண்டாம்’ என்ற தீர்ப்பு அல்ல. சாப்பாட்டையும் பிசியோவையும் முன்கூட்டியே தொடங்கச் சொல்லும் எச்சரிக்கை.

கேள்வி: மூன்று நாள் கழித்து வேறு இடத்தில் அளந்தால் 4.9 வருகிறது. எது சரி?

அளந்த விதத்தைக் கேளுங்கள். வெறும் வயிற்றில், சிறுநீர் கழித்துவிட்டு, மல்லாந்து பத்து நிமிடம் படுத்த பிறகு அளக்க வேண்டும். கை உடம்பில் ஒட்டக்கூடாது, தொடைகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஒரே கையில் ஒட்டும் இரண்டு பட்டைகளுக்கு நடுவே 5 செ.மீ.யாவது இடைவெளி வேண்டும், காலிலும் அப்படியே. நின்றபடி அளக்கும் மெஷினையும் படுத்தபடி அளக்கும் மெஷினையும் ஒப்பிடவே கூடாது.

பெரிய வில்லன் உடலில் நீர் கோத்து வீங்குவது. கால் வீங்கியிருந்தால் மெஷின் அந்த நீரையும் கொழுப்பில்லாத எடையில் சேர்த்து, தசை நிறைய இருப்பதுபோல் காட்டும், கோணமோ இறங்கும். இடையில் நீர் பிரிய மாத்திரை கொடுத்திருந்தால் அதனாலேயே கோணம் ஏறியிருக்கலாம். பேஸ்மேக்கர் இருந்தால் அளக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பொதுவாக இந்த மெஷினைத் தவிர்ப்பார்கள். வேறு காரணத்துக்கு வயிற்று சிடி ஸ்கேன் எடுத்திருந்தால், மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் தசையின் பரப்பை அதிலேயே அளக்கலாம். இதற்கென்று புதிதாக சிடி எடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் அந்த மெஷின் இல்லை. வேறு வழி?

இருக்கிறது, செலவும் குறைவு. ஆசியர்களுக்கென 2019இல் வகுத்த வரம்புகளைப் பாருங்கள். கைப்பிடி வலு (கருவியைக் கையால் இறுக்கி அழுத்தி அளப்பது) ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே இருந்தால் குறைவு. கெண்டைக்கால் சுற்றளவு ஆணுக்கு 34 செ.மீ., பெண்ணுக்கு 33 செ.மீ.க்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும் (வீக்கம் இருந்தால் டேப் பொய் சொல்லும்). கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். இதய அறுவை சிகிச்சைக்கு முன் பார்க்கும் இன்னொன்று நடை: வழக்கமான வேகத்தில் 5 மீட்டர் கடக்க 6 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் மெதுநடை. வால்வு சுருக்கமோ அடிக்கடி நெஞ்சுவலியோ இருப்பவர்கள் நாற்காலிச் சோதனையை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

கேள்வி: மூன்று வாரத்தில் தசை ஏறுமா?

டேப்பில் தெரியும் அளவுக்கு ஏறாது. இருப்பது கரையாமல் காக்கலாம். ‘ஹார்ட் பேஷண்ட்’ என்று முட்டையையும் மீனையும் நிறுத்திவிட்டுக் கஞ்சியும் ரசம் சாதமுமாகக் கொடுப்பதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 62 கிலோவுக்கு நாளைக்கு 75 முதல் 93 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6, நூறு கிராம் மீனில் சுமார் 20. இட்லி சாம்பார் மட்டும் போதாது. சைவமானால் சுண்டல், பனீர், சோயா தினமும் வேண்டும். மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) கூடுதலாக இருந்தால் அளவை டாக்டரே சொல்லட்டும். மூன்று பந்து மூச்சுப்பயிற்சிக் கருவியை இப்போதே பழக்குங்கள். நடைப்பயிற்சி சர்ஜன் அனுமதித்தால் மட்டும். இதயத்தின் இடது பிரதான ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தால் தசைக்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடும்படி கேட்காதீர்கள்.

கேள்வி: ஆபரேஷன் ஆனதும் மறுபடி அளக்கலாமா?

முதல் வாரம் வேண்டாம். ஏற்றிய திரவத்தால் எடையே கூடியிருக்கும், எண்ணுக்கு அர்த்தம் இருக்காது. வீக்கம் வடிந்தபின், ஆறு வாரம் கழித்து வரும் செக்கப்பில், அதே மெஷினில் அளக்கச் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.