ஏழாம் வகுப்பை விட்டு ஓட வேண்டாம்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகள் பி.எட். பள்ளிப் பயிற்சியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள், பிள்ளைகள் அடங்குவதில்லை, மாலையில் அழுதுகொண்டே வருகிறாள் என்கிறீர்கள். பயிற்சியில் இது புதிதல்ல. பொள்ளாச்சிப் பெரியப்பா சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது: "எம்.எஸ்சி. முடிச்சு பிளஸ் டூவுக்குப் போகட்டும், பொடிசுகளோட எதுக்கு மல்லுக்கட்டறது?"

கேரளத்தில் பிளஸ் டூ ஆசிரியராக முதுகலை, பி.எட்., அதற்கு மேல் செட் என்னும் மாநிலத் தகுதித் தேர்வு. இன்னும் 2 வருடச் செலவு. முதுகலை வேண்டுமென்று மகள் கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவள் கேட்காத படிப்புக்கு நகையை அடகு வைக்காதீர்கள்.

உறவுக்காரர்கள் வாயில் வராத வேலை ஒன்று உங்கள் ஊரிலேயே இருக்கிறது: தமிழ்வழி அப்பர் பிரைமரி ஆசிரியர், 5 முதல் 7 வகுப்பு வரை. உங்கள் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவிலும், இடுக்கியில் தேவிகுளம் பக்கமும் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. இதற்கு கே-டெட் என்னும் கேரள ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் பிரிவு எழுத வேண்டும். 150 கேள்வி, குழந்தை உளவியலுக்கு 30, இரு மொழிகளுக்கு 30 வீதம், கணக்கு-அறிவியலுக்கு 60. பொதுப்பிரிவுக்கு 90 மதிப்பெண் தேர்ச்சி. பிறகு பி.எஸ்.சி., அதாவது அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வு. இடங்கள் சொற்பம், அறிவிப்பும் வருடாவருடம் வராது. வரும்போது மொழித் தகுதிப் பத்தியை வரிவரியாகப் படியுங்கள். அரசுக் கடிதங்கள் மலையாளத்தில் வரும் என்பதால் மலையாளம் வாசிக்க, எழுத இப்போதே பழகட்டும். எய்டட் பள்ளியில், அதாவது அரசு சம்பளம் தரும் தனியார் பள்ளியில், வேலைக்கு லட்சம் லட்சமாக 'நன்கொடை' கேட்டால், கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இனி வகுப்பு. "புரிஞ்சுதா?" என்றால் எல்லோரும் "புரிஞ்சுது டீச்சர்" என்பார்கள். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு 1/2 + 1/3 எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கட்டும். பாதிப்பேர் 2/5 என்று எழுதினாலும் ஆச்சரியமில்லை. மேலே ஓர் எண், கீழே ஓர் எண் என்று பின்னத்தைப் பிரித்துப் பார்ப்பதால் வரும் தவறு அது. திட்டினால் போகாது. ஆளுக்கு 12 செ.மீ. நீளக் காகிதப் பட்டை இரண்டு கொடுக்கட்டும். ஒன்றில் அரை, 6 செ.மீ.; மற்றதில் மூன்றில் ஒன்று, 4 செ.மீ. வெட்டி ஒட்டினால் 10 செ.மீ., அதாவது 5/6. 2/5 என்பது 4.8 செ.மீ.தான். "அரையோட இன்னொன்னைச் சேர்த்தா அரையைவிடச் சின்னதா வருமா டீச்சர்?" என்று எவனாவது கேட்பான். பன்னிரண்டு வயதில் நினைத்ததை அப்படியே வாய்விட்டுச் சொல்வார்கள். பத்தாம் வகுப்புக்குள் தப்பை மறைக்கப் பழகிவிடுவார்கள். பிள்ளை எங்கே சறுக்குகிறது என்று ஆசிரியருக்குத் தெளிவாகத் தெரியும் வயது இதுதான். பிளஸ் டூவில் இது கிடைக்காது, பெரியப்பா கோபித்துக்கொண்டாலும்.

கூச்சல் பெரும்பாலும் வரிசை மாறுவதால் வருவது. பட்டையைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லும் எதுவும் காதில் ஏறாது. முதலில் சொல்லி, ஒருவனைத் திரும்பச் சொல்ல வைத்து, பிறகு கொடுக்க வேண்டும். விளக்கம் 10 நிமிடத்தைத் தாண்டினால் பின் பெஞ்சு தனி ராஜ்ஜியம் நடத்தும். வகுப்பு முடிந்ததும் அன்று கிடைத்த சுவையான தப்பு ஒன்றை, யார் போட்டது என்ற பெயரோடு, ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும்.

பயிற்சி முடிந்ததும் அந்த நோட்டை வைத்துக்கொண்டு அவளிடம் கேளுங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், நானும் வற்புறுத்த மாட்டேன். அந்தப் பேச்சுக்குப் பெரியப்பாவைக் கூப்பிட வேண்டாம்.