மூன்று கட்டணம் சொல்கிறார்கள், எதை எடுப்பது?

கேள்வி: என் அப்பாவுக்குச் சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருக்க நோய். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் அல்ட்ராசவுண்டில் இந்த முறை ஒன்றரை சென்டிமீட்டரில் ஒரு முடிச்சு தெரிந்ததால், எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். ஸ்கேன் மையத்தில் மூன்று கட்டணம் சொல்கிறார்கள். ஊசி இல்லாமல் ஒன்று, சாதாரண கான்ட்ராஸ்ட் ஊசியுடன் ஒன்று, 'லிவர் ஸ்பெஷல்' ஊசியுடன் ஒன்று. 3 டெஸ்லா, அதாவது காந்த பலம் அதிகமான மெஷின் என்றால் அதற்கு மேலும் கூடுதல். கண்ணில் மஞ்சள், வயிற்றில் கொஞ்சம் நீர் இருக்கிறது. எதை எடுப்பது?

பதில்: முதல் கட்டணத்தை மறந்துவிடுங்கள். சுருங்கிய கல்லீரல் முழுக்க முடிச்சுகள்தான். அவற்றில் எது கெட்டது என்பதை உருவத்தைவிட ரத்த ஓட்டம்தான் காட்டிக்கொடுக்கும். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் பெரும்பங்கு போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. புற்றுக்கட்டியோ தமனி ரத்தத்தை உறிஞ்சி வளர்வது. ஊசி போட்ட சுமார் 35 விநாடியில், தமனிக் கட்டம் என்று சொல்லும் அந்த நேரத்தில், கட்டி பளிச்சென்று ஒளிரும். ஒரு நிமிடம் கடந்து மற்ற இடமெல்லாம் ஒளிரும்போது அது மட்டும் மங்கும். உங்கள் அப்பாவுடையது போன்ற ஒன்றரை சென்டிமீட்டர் முடிச்சு இந்த இரண்டையும் தெளிவாகக் காட்டினால், சிரோசிஸ் நோயாளியிடம் ஊசியால் சதை எடுத்துப் பார்க்காமலேயே புற்றுநோய் என்று உறுதி செய்யலாம். லி-ராட்ஸ் என்ற அளவுகோலில் இதற்கு 5ஆம் நிலை என்று பெயர். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்தச் சில விநாடிகளைத்தான்.

அது எவ்வளவு எளிதில் கைநழுவும் என்பதை என் மாமாவின் ஸ்கேனில் பார்த்தேன். 'மூச்சை வெளியே விட்டு நிறுத்துங்கள்' என்ற குரல் வந்த சமயம் பார்த்து அவருக்கு இருமல். அறிக்கையில் ஒரே வரி: 'அசைவால் தமனிக் கட்டப் படம் தெளிவில்லை, மீண்டும் எடுக்கலாம்.' இரண்டாம் முறையும் முழுப் பணம் வாங்கிக்கொண்டார்கள். முந்தின நாளே பதினைந்து, இருபது விநாடி மூச்சை நிறுத்திப் பழக அப்பாவிடம் சொல்லுங்கள்.

இனி அந்த 'ஸ்பெஷல்' ஊசி. பெரும்பாலும் அது கேடாக்ஸெடேட் என்ற மருந்தாக இருக்கும். அதில் ஏறத்தாழ பாதி கல்லீரல் செல்லுக்குள் புகுந்து பித்தத்தோடு வெளியேறும். 20 நிமிடம் கழித்து எடுக்கும் கூடுதல் படத்தில் நன்றாக வேலை செய்யும் திசு வெள்ளையாகவும், கெட்டுப்போனது கறுப்பாகவும் தெரியும். சிறிய முடிச்சுகளைப் பிடிப்பதில் அது கெட்டி. ஆனால் மருந்தை உள்ளே இழுக்கச் செல்லுக்குத் தெம்பு வேண்டுமே! கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் என்ற நிறமி ரத்தத்தில் நன்றாக ஏறியிருந்தால் அந்தப் படமே மங்கிவிடும். போதாக்குறைக்கு, இந்த மருந்து ஏறியதும் சிலருக்குச் சில விநாடிகள் மூச்சை அடக்க முடியாமல் போகிறது, அதுவும் சரியாகத் தமனிக் கட்டத்தில். கண் மஞ்சளும் வயிற்று நீரும் உள்ள ஒருவருக்குச் சாதாரண ஊசியே நம்பகமாக இருக்கக்கூடும். முடிவைக் கல்லீரல் மருத்துவரிடமும் படம் பார்க்கும் கதிரியக்க மருத்துவரிடமும் விடுங்கள். கட்டணம் வாங்கும் மேசையில் அதை முடிவு செய்யாதீர்கள்.

3 டெஸ்லா? வயிற்றில் நீர் நிறைய இருந்தால் அதில் படத்தின் நடுவே கரும்பட்டைகள் விழலாம், 1.5 டெஸ்லாவில் அந்தத் தொல்லை குறைவு. கூடுதல் பணம் கொடுக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: கிரியேட்டினின் சரியாகத்தான் இருக்கிறது. ஊசியால் சிறுநீரகத்துக்கு ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. சிரோசிஸில் தசை கரைந்துபோவதால், சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் கிரியேட்டினின் நல்லபிள்ளையாகக் காட்டும். இது மருத்துவர் மனதில் இருக்கிறதா என்று கேளுங்கள். வடிகட்டும் வேகம், அதாவது இஜிஎஃப்ஆர், 30க்குக் கீழே போனவர்களிடம்தான் காடோலினியம் ஊசிகள், அதாவது அந்த உலோகம் கலந்த இந்த எம்.ஆர்.ஐ. கான்ட்ராஸ்ட் ஊசிகள் பற்றிய பெரிய கவலை. தோலும் உறுப்புகளும் இறுகிப்போகும் நோய் சில பழைய மருந்துகளால் வந்ததுண்டு. 2017இல் ஐரோப்பிய மருந்து முகமை, மூளையில் காடோலினியம் படிவதைக் காரணம் காட்டி, 'லீனியர்' எனப்படும் அந்தப் பழைய வகையில் பலவற்றை நிறுத்திவைத்தது. அதே வகையைச் சேர்ந்த கேடாக்ஸெடேட்டையும் காடோபெனேட்டையும் கல்லீரல் படத்துக்கு மட்டும் அனுமதித்தது. ஆகவே 'கான்ட்ராஸ்ட்' என்று மட்டும் போட்ட பில்லை வாங்காதீர்கள். மருந்தின் பெயரும் அளவும் அதில் இருக்கட்டும்.

கேள்வி: அறிக்கையும் ஃபிலிமும் தருகிறார்கள். சிடிக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். தேவையா?

பதில்: தேவை. வேண்டுமானால் ஃபிலிமை விட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து முடிச்சு வளர்ந்திருக்கிறதா என்று அளக்க எல்லாக் கட்டங்களின் படமும் வேண்டும், ஃபிலிமில் பொறுக்கியெடுத்த சில படங்கள்தான் இருக்கும். அங்கேயே கணினியில் போட்டுத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பெயர் மாறிப்போன சிடிகளும், எதுவுமே பதிவாகாத சிடிகளும் என் மேசைக்கு வந்திருக்கின்றன.