வரப்போகும் மருந்து, இருக்கும் முடி

கேள்வி: எனக்கு வயது 27. சேலத்தில் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மூன்று வருடமாக நெற்றி ஏறிக்கொண்டே போகிறது. உச்சந்தலையிலும் தோல் தெரிய ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்கும் தாய்மாமாவுக்கும் வழுக்கை. தினமும் காலையில் தலையணையில் கிடக்கும் முடியை எண்ணி டைரியில் குறித்து வைக்கிறேன். தோல் மருத்துவர் ஃபினாஸ்டரைடு மாத்திரையும் மினாக்ஸிடில் கரைசலும் எழுதிக் கொடுத்தார். மாத்திரையால் ஆண்மை போய்விடும் என்று நண்பர்கள் சொன்னதால் நான்கு மாதமாக அட்டையைப் பிரிக்கவே இல்லை. பிபி 405 என்ற புது மருந்து வரப்போகிறது, தூங்கும் மயிர்க்காலையே அது எழுப்பிவிடும் என்று படித்தேன். இரண்டு வருடம் பொறுத்திருந்து அதையே போட்டுக்கொள்ளலாமா? அந்த மருந்தைப் பொடியாக வரவழைத்துத் தருவதாகச் சொல்லி ஒருவர் 18,000 ரூபாய் கேட்கிறார். வீட்டில் பெண் பார்க்கிறார்கள். தரகரிடம் கொடுத்திருப்பது கல்லூரி முடித்த புதிதில் எடுத்த படம். பெண் வீட்டாரிடம் என்ன சொல்வது?

(பெயர் வேண்டாம், சேலம்)

பதில்:

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தப் பொடிக்காரருக்குப் பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. தலையில் பூசுவது தோலோடு நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். இரத்தத்தில் கலக்கும் பொருள்களும் உண்டு. பரிசோதனைக்கு உங்கள் உடம்பைக் கொடுப்பதானால், முறையான ஆய்வில் மருத்துவர் மேற்பார்வையில் கொடுங்கள். அங்கே உங்களிடம் பணமும் கேட்க மாட்டார்கள்.

இனி உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். காத்திருக்காதீர்கள். நம்பிக்கையை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. புது மருந்துகளை நானும் ஆவலோடு கவனித்துவருகிறேன். ஆனால் நீங்கள் காத்திருக்கும் காலத்தில் உங்கள் மயிர்க்கால்கள் காத்திருக்காது.

உச்சந்தலையை உருப்பெருக்கிக் கருவியில் பார்க்கும்போது நான் காண்பதைச் சொல்கிறேன். பின்தலையில் ஒரே துளையிலிருந்து இரண்டு மூன்று முடிகள் சேர்ந்து, கறுப்பு நூல் போல ஒரே கனத்தில் எழும்பி நிற்கும். உச்சிக்கு வந்தால் காட்சி மாறிவிடும். ஒரு முடி கனமாக இருக்கும். பக்கத்து முடி அதில் பாதி. அதற்கடுத்தது கைக்குழந்தையின் கன்னத்து ரோமம் போல நிறமே இல்லாமல் இருக்கும். பரம்பரை வழுக்கையில் முடி ஒரே நாளில் கொட்டித் தீர்ந்துவிடுவதில்லை. முடி வளர்ந்து உதிரும் ஒவ்வொரு சுற்றிலும் மயிர்க்கால் கொஞ்சம் சுருங்குகிறது, அடுத்து முளைக்கும் முடி இன்னும் மெல்லியதாக வருகிறது. பூனைமுடியாகச் சிறுத்த நிலையிலும் அதைத் தேற்ற வாய்ப்பு உண்டு. பல ஆண்டுகள் அப்படியே கிடந்து தோல் வழவழப்பாகிவிட்டால் எந்த மருந்துக்கும் வேலை கடினம். நாளைக்கு வரும் மருந்தும் இன்று நீங்கள் காப்பாற்றி வைத்திருக்கும் மயிர்க்காலில்தான் வேலை செய்ய வேண்டும்.

நீங்கள் படித்த பிபி 405 கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது. மயிர்க்காலில் உறங்கும் ஸ்டெம் செல்கள் (புது முடியை உண்டாக்கும் மூலச் செல்கள்) சர்க்கரையை எரிக்கும் விதத்தை மாற்றி, அவற்றை விழிக்கவைப்பதுதான் அதன் யோசனை. அருமையான யோசனை, இதுவரை சந்தையில் உள்ள எதுவும் இந்த வழியில் போனதில்லை. 2025இல் வெளியான ஆய்வு முடிவைப் பாருங்கள். பங்கேற்றவர்கள் 78 பேர். நான்கு வாரம் பூசினார்கள். எட்டாவது வாரத்தில் பார்த்தபோது, வழுக்கை அதிகமாக இருந்த ஆண்களில் 31 சதவீதத்தினருக்கு முடியின் அடர்த்தி 20 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மருந்தே இல்லாத போலி மருந்து பூசியவர்களில் ஒருவருக்கும் அப்படிக் கூடவில்லை. எட்டு வாரத்தில் இது நல்ல அறிகுறிதான். ஆனால் 78 பேரில் ஒரு பிரிவினர், அவர்களிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவானவர்கள். ஒரு வருடம் பூசினால் என்ன ஆகும், நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையெல்லாம் பெரிய ஆய்வுகள்தான் சொல்ல வேண்டும்.

கிளாஸ்கோடெரோன் என்ற பூச்சு மருந்து இதைவிட முன்னால் நிற்கிறது. இதன் ஒரு சதவீதக் களிம்பை முகப்பருவுக்காக அமெரிக்காவில் 2020இலேயே அனுமதித்துவிட்டார்கள். தலைக்கான ஐந்து சதவீதக் கரைசலின் மூன்றாம் கட்ட (அனுமதிக்கு முந்தைய பெரிய) ஆய்வு முடிவுகள் 2025 டிசம்பரில் வந்தன. ஓர் ஆய்வில் போலி மருந்தைவிட 539 சதவீதம் மேல், இன்னொன்றில் 168 சதவீதம் மேல் என்றது அறிவிப்பு. நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். போலி மருந்து பூசிய இடத்தில் ஒரு முடியும், மருந்து பூசிய இடத்தில் ஆறு முடியும் கூடினால் அதுவும் 500 சதவீதம் அதிகம்தான். ஒரே மருந்து இரண்டு ஆய்வுகளில் இவ்வளவு வேறுபட்ட எண்களைத் தந்தது ஏன் என்று கேளுங்கள். ஒப்பிடும் அடித்தளம் சிறியதாக இருந்தால் சதவீதம் தாவிக் குதிக்கும். ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை முடி கூடியது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பூசிய இடத்திலேயே ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மருந்து என்பதால், மாத்திரைக்குப் பயப்படும் உங்களைப் போன்றவர்களுக்கு இது ஒரு நாள் நல்ல வழியாகலாம் என்று நானும் எதிர்பார்க்கிறேன்.

ஆனால் நான் பார்த்த ஏமாற்றங்களும் உண்டு. 2012இல் வழுக்கைத் தலையில், உடம்பே உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளில் ஒருவகை அதிகம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதைத் தடுக்கும் மருந்தைப் பற்றி எவ்வளவோ பேச்சு. கடைசியில் அது போலி மாத்திரையைத் தாண்டவில்லை. 2018இல் ஜப்பானில் மயிர்க்கால்களின் கருவையே ஆய்வகத்தில் ஏராளமாக வளர்க்க முடியும் என்ற செய்தி வந்தது. 2020இல் சிகிச்சை கிடைத்துவிடும் என்று சொன்னார்கள். அந்தச் செய்தித்தாள் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஈரோட்டிலிருந்து ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். அவருக்கும் அப்போது 27 வயது. "அதுவரைக்கும் ஒன்றும் வேண்டாம் டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போனவர், ஐந்து வருடம் கழித்துத் திரும்பி வந்தார். உச்சியும் நெற்றியும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டிருந்தன. அவர் அழவில்லை. "அன்றைக்கே கட்டாயப்படுத்தியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மாத்திரை பற்றிய பயத்துக்கு வருவோம். அதை நான் தள்ளிவிட மாட்டேன். டொமினிகன் குடியரசின் சில கிராமங்களில், டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோனை அதன் வீரியமான வடிவமாக மாற்றும் என்சைம் பிறவியிலேயே குறைந்த ஆண்களைப் பற்றி 1974இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்கள் வளர்ந்து பெரியவர்களானபோதும் வழுக்கை விழவில்லை. அந்த என்சைமைத் தடுக்கிற மருந்துதான் ஃபினாஸ்டரைடு. வழுக்கைக்கான ஒரு மில்லிகிராம் மாத்திரையை அமெரிக்கா 1997இல் அனுமதித்தது. ஐந்தாண்டு ஆய்வில் மாத்திரை சாப்பிட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு முடி கூடியது அல்லது இருந்தது நிலைத்தது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் நான்கில் மூன்று பேருக்குக் குறைந்துகொண்டே போனது. ஓராண்டு ஆய்வுகளில் ஆசைக் குறைவு, விறைப்புக் குறைவு போன்ற பாலியல் தொல்லைகள் 3.8 சதவீதத்தினருக்கு வந்தன. போலி மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 2.1 சதவீதத்தினருக்கு வந்தன. பெரும்பாலும் நிறுத்தினால் சரியாகும். நிறுத்திய பிறகும் தொல்லை நீடித்ததாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதைப் பொய் என்று நான் ஒதுக்க மாட்டேன். தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவாக வரக்கூடும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் உறுதிசெய்திருக்கிறது. உங்களுக்கு முன்பு மனச்சோர்வு இருந்ததுண்டா? கடிதத்தில் எழுதவில்லை. இருந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சாப்பிடத் தொடங்கியபின் மனம் காரணமில்லாமல் கனத்தால் நிறுத்திவிட்டு அன்றே போய்ப் பாருங்கள்.

இவ்வளவு கேட்ட பிறகும் மாத்திரை வேண்டாம் என்று தோன்றினால் அது உங்கள் உரிமை. அப்போதும் மினாக்ஸிடிலை விட்டுவிடாதீர்கள். இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மாத்திரையால் நோயாளிகளுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைக் கண்டுதான் அதைத் தலைக்குக் கொண்டுவந்தார்கள். 1988 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. ஆரம்பித்த முதல் இரண்டு மாதத்தில் முடி கூடுதலாகக் கொட்டலாம். பழைய முடியைப் புது முடி தள்ளுகிறது, பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஆறு மாதமாவது விடாமல் பூசினால்தான் பலன் தெரியும். நிறுத்தினால் சில மாதங்களில் கிடைத்ததும் போய்விடும். வீட்டில் பூனை இருந்தால் மருந்து காயும்வரை தலையணைப் பக்கம் அதை விடாதீர்கள், பூனைக்கு அது நஞ்சு.

டைரியை மூடி வைத்துவிடுங்கள் தம்பி. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி எல்லோருக்கும் உதிரும். எண்ணிக்கையைவிட விழுந்த முடிதான் அதிகம் சொல்லும். ஒரு நாள் விழுந்ததை வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். எல்லாம் நீளமாக, ஒரே கனத்தில் இருந்தால் இரண்டு மூன்று மாதம் முன்பு வந்த காய்ச்சலின் மிச்சமாக இருக்கலாம். டெங்குவுக்குப் பிறகு இப்படிக் கொட்டுவதை நிறையப் பார்க்கிறேன், அது தானே திரும்பும். குட்டையும் மெல்லியதுமான முடிகள் கலந்திருந்தால் பரம்பரை வழுக்கை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எண்ணுவதற்குப் பதிலாக மாதம் ஒரு படம் எடுங்கள். அதே ஜன்னல், அதே நேரம், தலை காய்ந்த பிறகு, உச்சியிலிருந்து ஒன்று, நெற்றிக்கு நேராக ஒன்று.

கடைசிக் கேள்வி பெண் வீட்டாரைப் பற்றியது. மாத்திரை சாப்பிடத் தொடங்கினால், நிச்சயமாவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள். குழந்தைக்கு முயலும்போது அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். சிலருக்கு விந்தணு எண்ணிக்கை குறையும் என்பதால் மருத்துவரும் அப்போது மறுபடி யோசிப்பார். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணி தொடக்கூடாது. ஐந்து மில்லிகிராம் மாத்திரையை வாங்கி நான்காக வெட்டிச் சாப்பிடும் வழக்கம் இருப்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். வழுக்கையைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. நெற்றிக்கு நேராக எடுக்கப்போகும் அந்த முதல் படத்தில் இன்னொரு பிரதி போட்டு, தரகரிடம் இருக்கும் பழைய படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இதைக் கொடுத்துவிடுங்கள்.