கரி போட்டு ஓட்டிய வண்டி

கேள்வி: யுத்தகாலத்தில் டி.வி.எஸ். வண்டிகள் அடுப்புக்கரியில் ஓடினவாமே, நிஜமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: நிஜம்தான். அப்படிக் கரி போட்ட கைகளில் என் தாத்தாவின் கைகளும் உண்டு.

ரயில்வே, வங்கி வேலைகளை உதறிவிட்டு டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1910-களின் தொடக்கத்தில் பஸ் விட்டார். பிறகு மகன்களும் சேர்ந்தார்கள், லாரிகளும் வந்தன. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் அவர்கள் கொண்டுவந்ததுதான் கேஸ் பிளான்ட், அதாவது கரியை எரித்து எஞ்சினை ஓட்டும் வாயுவைத் தயாரிக்கிற கருவி.

தாத்தா விடியுமுன்னே எழுந்து, வண்டியோடு பொருத்திய இரும்பு உருளையில் கரி நிரப்பிப் பற்றவைப்பார். பிறகு காற்றாடியைக் கையால் சுற்றோ சுற்றென்று சுற்ற வேண்டும். காற்றை அளந்துதான் விடணும். கரி முழுசாக எரிந்துவிட்டால் எஞ்சினுக்கு வேண்டிய கார்பன் மோனாக்சைடு கிடைக்காது. வாயுவைக் குளிரவைத்து, தூசி வடித்த பிறகே வண்டி நகரும். அதிலும் பெட்ரோலின் வலு வராது. உங்கள் ஊரைத் தாண்டி ஆண்டிப்பட்டிக் கணவாய் ஏறும்போது ஆட்கள் இறங்கி நடப்பார்களாம். தாத்தாவின் சட்டைக் காலர் ஒருநாளும் வெளுத்ததில்லை என்பார் அப்பத்தா. எத்தனை உழைப்பு!

1972-ல் பஸ்கள் அரசுடைமையாகி, மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. தாத்தாவின் கரிவாளி இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது.