செக்ரட்டரி வேலையும் ஒரு அட்டைப்பெட்டியும் (கடிதமும் பதிலும்)

அண்ணா வணக்கம்,

உங்க சைட்டை நாலஞ்சு வருஷமா படிக்கிறேன், எழுதறது இதுதான் முதல் தடவை. நான் அமெரிக்காவுல இருக்கேன், சாஃப்ட்வேர் வேலை. கொரோனா சமயத்துல பொழுது போகாம ஒரு சைக்கிள் வாங்கினேன், இப்ப வாரத்துல மூணு நாள் ஆபீஸுக்கே அதுலதான். போன வருஷம் ஒரு பிக்கப் ட்ரக் ரொம்ப ஒட்டிப் போய் அதோட சைடு கண்ணாடி என் முழங்கையில தட்டிடுச்சு. விழல, ஆனா ரெண்டு நாள் கை நடுங்கிட்டே இருந்துச்சு. அந்த வேகத்துல எங்க ஸ்டேட் முழுசுக்குமான சைக்கிள் அமைப்புல போய்ச் சேர்ந்தேன்.

சேர்ந்தப்புறம்தான் தெரியுது, மொத்தமே ஆறு பேரு, எல்லாருமே வாலண்டியர், அதுல நாலு பேர் ரிட்டயர்டு. போன மீட்டிங்ல பைலாஸ்ல (அமைப்போட உள்விதிகள்) ஒரு வார்த்தையை மாத்த நாப்பது நிமிஷம் பேசினாங்க. இப்ப என்னை செக்ரட்டரி ஆகச் சொல்றாங்க. என் மனைவி "வீட்டு குப்பைத்தொட்டியை வெளிய வைக்கவே உனக்கு நேரமில்ல, இதுல ஸ்டேட்டைத் திருத்தப் போறியா"ங்கறா. நீங்க ஒரு ஸ்டேட் அமைப்புல போர்டு மெம்பரா இருந்ததா முன்னாடி எழுதியிருந்தீங்க. நெஜமாவே இதால ஏதாவது நடக்குமா? என் ஊர்ல ஒரு சைக்கிள் லேன் கேட்டு வாங்கினா போதாதா? இல்ல காசு சேத்து சம்பளத்துக்கு ஆள் போட்டுட்டா ஆகாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

முழங்கை சரியாயிடுச்சுன்னு நம்பறேன். அந்த நடுக்கம் எனக்கும் தெரியும். எனக்கு ட்ரக் இல்ல, ஸ்கூல் பஸ்.

முதல்ல அந்த நாப்பது நிமிஷத்தைப் பத்தி சொல்லிடறேன், ஏன்னா உங்க லெட்டர்ல நெஜமான எரிச்சல் அங்கதான் இருக்கு. நான் இருந்த போர்டுல ஒரு கமாவுக்கு ஒரு மணி நேரம் சண்டை நடந்துச்சு, ஒருத்தர் ஜூம்ல கேமராவை ஆஃப் பண்ணிட்டு போயே போயிட்டாரு. அமைப்பு எந்த ஸ்டேட்டுதுன்னு வேண்டாம், அதுல பாதி பேரு இன்னும் அங்கதான் இருக்காங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, ஸ்டேட் அளவுல வேலை பாக்கற சைக்கிள் அமைப்பு கடைசில செய்யறது என்ன? சட்டத்துல இருக்கற ஒரு வாக்கியத்தை மாத்தறதுதான். லேன் போடறது, கம்பம் நடறது, பெயின்ட் அடிக்கறதெல்லாம் ஊர் வேலை. ஸ்டாப் சைன்ல சைக்கிள்காரன் என்ன பண்ணணும், கார்காரன் எத்தனை அடி தள்ளி ஓவர்டேக் பண்ணணுங்கறதெல்லாம் ஸ்டேட்டோட வண்டிச் சட்டத்துல இருக்கு, பெரும்பாலும் உங்க மேயர் நெனச்சாலும் அதைத் தொட முடியாது. போதாக்குறைக்கு நெறைய சின்ன ஊர்கள்ல மெயின் ரோடே ஸ்டேட் ஹைவேதான். அதனால ஊர்ல லேன் கேட்டா போதாதாங்கற கேள்விக்கு பதில், போதாது. கேளுங்க, ஆனா போதாது.

கலிபோர்னியா கதையைப் பாருங்க. சைக்கிளைத் தாண்டும்போது மூணு அடி இடம் விடணும், கேட்டது அவ்வளவுதான். விஸ்கான்சின்ல 1973லயே இருந்த சட்டம். கலிபோர்னியாவுல சைக்கிள் அமைப்பு பின்னாடி நின்னு, லோவெந்தால்ங்கற செனட்டர் மூலமா 2011ல பில் ரெண்டு சபையிலயும் பாஸ் ஆகி கவர்னர் ஜெர்ரி பிரவுன் டேபிளுக்குப் போச்சு. வீட்டோ, அதாவது கையெழுத்து போடாம திருப்பி அனுப்பிட்டாரு. காரணம், மூணு அடி விட முடியலன்னா வேகத்தை சைக்கிளை விட மணிக்கு 15 மைலுக்கு மேல போகாம கொறைச்சுக்கணும்னு அதுல ஒரு வரி இருந்துச்சு. 2012ல அந்த வரியை எடுத்துட்டு மறுபடி அனுப்பினாங்க, திரும்பவும் வீட்டோ. இந்தத் தடவை, சைக்கிளைத் தாண்டறதுக்காக ரோடு நடுவுல இருக்கற டபுள் மஞ்சக்கோட்டை (அதைத் தாண்டி ஓவர்டேக் பண்ணக்கூடாது) தாண்டலாம்னு இருந்த வரி, அதனால விபத்து ஆச்சுன்னா ஸ்டேட் மேல கேஸ் வரும்ங்கற பயம். 2013ல அதையும் எடுத்துட்டு பிராட்ஃபோர்டுங்கறவர் மூலமா மூணாவது தடவை கொண்டுபோனப்பதான் கையெழுத்து ஆச்சு, நடைமுறைக்கு வந்தது 2014 செப்டம்பர் 16. மூணு அடிக்கு மூணு வருஷம், வருஷத்துக்கு ஒரு அடின்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். மீறினா அபராதம் 35 டாலர், அடிபட்டா 220. இதைக் கேட்டு சிரிக்கறவங்க உண்டு, ஆனா கேஸ்னு வரும்போது "எனக்குத் தெரியாம ஒட்டிப் போயிட்டேன்"னு சொல்றவன்கிட்ட காட்டறதுக்கு ஒரு எண் கையில இருக்கு, அதுக்கு முன்னாடி இருந்தது "பாதுகாப்பான தூரம்"ங்கற வழவழா வார்த்தை.

இப்ப சொல்லுங்க, ஒரு வார்த்தைக்கு நாப்பது நிமிஷம் ஜாஸ்தியா?

(ஜாஸ்திதான். பைலாஸுக்கு ஜாஸ்தி. பில்லுக்கு கம்மி.)

சம்பளத்துக்கு ஆள் போடற விஷயம். காசு இருந்தா போடுங்க, நான் வேண்டாங்கல, பெரிய ஸ்டேட்டுங்கள்ல அப்படித்தான் நடக்குது. ஆனா ஆள் போட்டாலும் வாலண்டியரை எடுக்க முடியாத ஒரு எடம் இருக்கு. சட்டசபை உறுப்பினர் ஒருத்தர்கிட்ட போய் நின்னா அவரோட ஆபீஸ்ல இருக்கற பொண்ணு முதல்ல கேக்கறது "எந்தத் தொகுதி நீங்க"ன்னுதான். தலைநகர்ல உக்காந்திருக்கற சம்பள ஆளுக்கு அந்தத் தொகுதியில ஓட்டு கிடையாது. எங்கயோ நாலு மணி நேரம் தள்ளி கோதுமை விளையற ஊர்லேர்ந்து வர்ற ரிட்டயர்டு டீச்சருக்கு இருக்கு. ஆறே பேர்னு சொன்னீங்களே, அந்த ஆறு பேர் எத்தனை தொகுதியில இருக்காங்கன்னு எண்ணிப் பாருங்க. ஆறு பேரும் ஒரே ஊர்னா அதுதான் உங்க அமைப்போட வியாதி.

இன்னொரு சங்கதி, இது ட்ரெஷரருக்கே நெறைய இடத்துல தெரியாது. உங்க அமைப்பு 501 சி 3ன்னா, அதாவது வரிவிலக்கு உள்ள தொண்டு அமைப்புன்னா, "நாம லாபி பண்ணவே கூடாது, சட்டத்துக்காக உறுப்பினர்கள்கிட்ட போய் கேக்கவே கூடாது"ன்னு யாராவது ஒருத்தர் மீட்டிங்ல பயமுறுத்துவாரு. அது தப்பு. தேர்தல்ல வேட்பாளருக்கு ஆதரவோ எதிர்ப்போ தெரிவிக்கத்தான் கூடாது. வரிச்சட்டத்துல 501 எச்னு ஒரு ஏற்பாடு இருக்கு, 5768ங்கற ஃபார்ம், ஒரே பக்கம், அதைப் போட்டு விட்டா உங்க செலவுல முதல் அஞ்சு லட்சம் டாலர் வரைக்கும் 20 சதவீதம் லாபிக்கு செலவு பண்ணலாம். அந்தக் கணக்குல வர்றது காசு மட்டும்தான், வாலண்டியரோட நேரம் அதுல சேராது. சம்பள ஆள் கேப்பிட்டல்ல (ஸ்டேட் சட்டசபைக் கட்டடம்) ஒரு நாள் உக்காந்தா அது செலவு, நீங்க லீவு போட்டுட்டு போய் உக்காந்தா பைசா கணக்குல ஏறாது.

ஹியரிங் பத்தி ஒரு கதை சொல்றேன், அதாவது சட்டசபைக் கமிட்டி ஒரு பில்லைப் பத்தி பொதுஜனங்ககிட்ட கருத்து கேக்கற கூட்டம். நான் முதல் தடவை கமிட்டி முன்னாடி பேசப் போனப்ப எட்டுப் பக்கம் அடிச்சு எடுத்துட்டுப் போனேன். படம், கிராஃப், எல்லாம். காலையில அஞ்சு மணிக்கு கிளம்பி, மத்தியானம் மூணு வரைக்கும் மரபெஞ்சுல உக்காந்து, எங்களுக்கு முன்னாடி நாய் லைசென்ஸ் பத்தி ஒரு பில், அது முடிஞ்சு என் பேரைக் கூப்பிட்டா சேர்மன் "ரெண்டு நிமிஷம்"ங்கறாரு. மேஜை மேல சின்ன லைட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு. நான் ரெண்டாவது பக்கம் திருப்பறதுக்குள்ள சிவப்பு வந்துடுச்சு. எனக்கு அடுத்து எங்க அமைப்புல இருந்த ரிட்டயர்டு டீச்சரம்மா. அவங்க நீச்சல்குளத்துல பசங்க வச்சு விளையாடுவாங்களே ஸ்பாஞ்ச் உருளை, அதுல மூணு அடி வெட்டி எடுத்துட்டு வந்திருந்தாங்க, ஆரஞ்சு கலரு. அதை ரெண்டு கையாலயும் பிடிச்சுக் காட்டி "இவ்வளவுதாங்க கேக்கறோம்"னு சொல்லிட்டு, தன் ஊர்ல எந்த வளைவுல எந்த மாதிரி வண்டி தன்னை உரசிச்சுன்னு ஒரு நிமிஷம் பேசிட்டு உக்காந்துட்டாங்க. கமிட்டியில ரெண்டு பேர் அந்த வளைவு எதுன்னு திரும்பக் கேட்டாங்க. என் எட்டுப் பக்கத்தை ஒருத்தரும் கேக்கல. பில்லு அந்த வருஷம் கமிட்டியிலயே செத்துப்போச்சு, அது வேற விஷயம்.

நடந்த கதைன்னா ஆரிகன். 1971ல டான் ஸ்டாத்தோஸ்ங்கற ஒரு ரிபப்ளிகன் உறுப்பினர், ஜாக்சன்வில் ஊர்க்காரர், சைக்கிள் பில்லைக் கொண்டுவந்தாரு. ஹைவே பணத்துல குறைஞ்சது ஒரு சதவீதம் நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும், அதுபோக எங்க ரோடு புதுசா போட்டாலும் திருப்பிக் கட்டினாலும் அவங்களுக்கான வசதி சேத்தே கட்டணும்னு. சட்டம் வந்துச்சு, இருவது வருஷம் போச்சு. 1990ல போர்ட்லேண்ட்ல சைக்கிள்காரங்க சேந்து ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, பைசிக்கிள் ட்ரான்ஸ்போர்டேஷன் அலையன்ஸ். கூடைப்பந்து அரங்கம் கட்டறதுக்காக சுத்தி ரோடெல்லாம் மாத்தினப்ப சைக்கிள் லேன் இல்லாம போட்டுட்டாங்க, இவங்க சிட்டி மேலயே கேஸ் போட்டாங்க. சிட்டி சொன்ன வாதம், "நாங்கதான் ஒரு சதவீதம் செலவு பண்ணிட்டமே, கடமை முடிஞ்சது." அப்பீல் கோர்ட் 1995ல, ஒரு சதவீதம்ங்கறது கீழ்வரம்பு, ரோடு கட்டினா வசதி கட்டணும்ங்கறது தனிக் கடமைன்னு தீர்ப்பு குடுத்துச்சு. சட்டம் எழுதினது ஒருத்தர், இருவது வருஷம் கழிச்சு அதை வரி விடாம படிச்சவங்க வேற ஆளுங்க. யாரோ படிச்சாங்க, அதுதான் எனக்கு முக்கியமாப் படுது.

ஐடஹோவுல இன்னும் வேடிக்கை. ஸ்டாப் சைன்ல சைக்கிள்காரன் முழுசா நிக்க வேண்டாம், பாத்து வழிவிட்டுப் போகலாம்ங்கற சட்டம் அங்க 1982லயே வந்துடுச்சு. அதை யோசிச்சது சைக்கிள் சங்கத்துக்காரர் இல்ல, கோர்ட் நிர்வாகி கார்ல் பியாங்கி. சைக்கிள்காரங்களோட இந்த மாதிரி சில்லறை கேஸெல்லாம் கோர்ட்டை அடைக்குதுன்னு அவருக்குக் கடுப்பு. ஸ்டேட் அளவுல ரெண்டாவதா இதைக் கொண்டுவந்தது டெலவேர், 2017ல, நடுவுல 35 வருஷம்! டெலவேர்ல சைக்கிள் அமைப்பு வேலை பாத்துதான் அது வந்துச்சு, அதுவும் முதல்ல நாலு வருஷ கெடுவோட, அப்புறம் 2021ல நிரந்தரமாச்சு. அதுக்குப் பின்னாடி ஆர்கன்சாஸ், ஆரிகன், வாஷிங்டன், யூட்டான்னு வரிசையா வந்துடுச்சு. கலிபோர்னியாவுல இதையும் 2021ல அப்ப இருந்த வேற கவர்னர் வீட்டோ பண்ணாரு, அந்த ஊருக்கு அது ஒரு வழக்கம் போல.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும், இது உங்களுக்கும் எனக்கும் நேரடியா சம்பந்தப்பட்டது. இந்த மாதிரி ஸ்டேட்வாரியா சைக்கிள்காரங்க சேர்றது புதுசில்ல. 1880ல ஆரம்பிச்ச லீக் ஆஃப் அமெரிக்கன் வீல்மென்ல ஸ்டேட்டுக்கு ஒரு பிரிவு, பிரிவுக்கு ஒரு சீஃப் கான்சல், அதாவது தலைவர். மிச்சிகன்ல அப்படி சீஃப் கான்சலா இருந்த ஹொரேஷியோ எர்ல்தான் 1905ல அந்த ஸ்டேட்டோட முதல் ஹைவே கமிஷனர் ஆனாரு. நல்ல ரோடு வேணும்னு கத்தினது முதல்ல சைக்கிள்காரங்க, காருக்குப் போட்ட ரோடுல நாம ஒண்டிக்கிறோம்னு யாராவது சொன்னா இவரைச் சொல்லுங்க. ஆனா அதே லீக் 1894ல லூயிவில்ல கூடி வெள்ளைக்காரங்க மட்டும்தான் மெம்பர்னு விதி போட்டுச்சு. அதுக்கு முந்தின வருஷமே சேந்திருந்த பாஸ்டன் தையல்கார பொண்ணு கிட்டி நாக்ஸ், கலப்பு இனம், 1895ல ஆஸ்பரி பார்க் கூட்டத்துக்கு தன் மெம்பர் கார்டோட போய் நின்னா. பழைய மெம்பர்ங்கறதால கார்டு செல்லும்னு ஆச்சு, விதி மட்டும் அப்படியே கெடந்துச்சு. லீக் அதைத் தப்புன்னு முறையா சொன்னது 1999ல. பைலாஸ்ல ஒரு வார்த்தைதான் அதுவும்.

அதனால உங்களைக் கூப்பிடறாங்கன்னா, ரிட்டயர்டு ஆளுங்க (வெள்ளைக்காரங்கன்னுதான் நெனக்கிறேன்) நாலு பேர் இருக்கற ரூம்ல நீங்க இருக்கறது அவங்களுக்கும் தேவைன்னு வச்சுக்கங்க. அதோட நிக்காம கேளுங்க, ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு லைட்டு இல்லாத சைக்கிள்ல ஹைவே ஓரமா வீட்டுக்குப் போற சமையல்காரன் ஏன் இந்த ரூம்ல இல்லன்னு. நான் இருந்த ஆறு வருஷத்துல நாங்க அதைக் கேக்கல. மீட்டிங்கை எப்பவும் சாயங்காலம் ஏழு மணிக்கே வச்சோம், அவன் அப்ப அடுப்படியில நிக்கிறான்.

கடைசியா செக்ரட்டரி வேலை. ஏத்துக்கங்க. பிரசிடென்ட் ஆகச் சொல்லியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன். கல்யாண வீட்ல பந்தி பரிமாற வரிஞ்சுகட்டிட்டு வருவாங்க, பாத்திரம் தேய்க்க ஆள் இருக்காது, செக்ரட்டரி அந்த ரெண்டாவது ஆளு. நான் சேந்த வருஷம் பழைய செக்ரட்டரி ஒரு அட்டைப்பெட்டி குடுத்தாரு, வாழைப்பழப் பெட்டி, உள்ள பன்னெண்டு வருஷத்து மினிட்ஸ் (மீட்டிங் குறிப்புகள்), பாதி கையால எழுதினது. தூக்கிப் போடலாம்னுதான் நெனச்சேன். ஒரு ஞாயித்துக்கிழமை மழைக்கு ஒதுங்கி உக்காந்து படிச்சா, எங்க மூணு அடி பில்லு பத்து வருஷம் முன்னாடி ஒரு தடவை கமிட்டியில தோத்ததுக்கு காரணம் அதுல எழுதியிருக்கு: "மலை ரோட்ல டபுள் மஞ்சக்கோடு இருந்தா எப்படித் தாண்டறதுன்னு உறுப்பினர் கேட்டார், நம்ம யாருக்கும் பதில் தெரியல." அடுத்த ஹியரிங்ல அதே கேள்வி வேற வாயிலேர்ந்து வந்துச்சு. இந்தத் தடவை டீச்சரம்மா பதிலோட போயிருந்தாங்க, ஸ்பாஞ்சையும் எடுத்துட்டுத்தான்.

உங்களுக்கும் ஒரு பெட்டி வரும். மனைவிகிட்ட கராஜ்ல எடம் முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்துல மட்டும் வேண்டாம்.