சம்பளச் சீட்டில் கோயில் வரி: தேவகோட்டைத் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டவை மூன்று. ஜெர்மனியில், கொலோனில் வாங்கிய முதல் சம்பளத்திலேயே கோயில் வரி, அதாவது கத்தோலிக்கத் திருச்சபைக்கான வரி, பிடித்துவிட்டார்கள். உடன் வேலை செய்பவர் கோயிலை விட்டு விலகினால் பணம் மிச்சம் என்கிறார். அதைக் கேட்டுத் தேவகோட்டையில் அம்மா அழுகிறார். அடுத்து, பங்குத்தந்தை பிரசங்கத்தில் கட்சி அரசியல் பேசலாமா? கடைசியாக, பதின்மூன்று வயது மகன் பூசைக்கு வர மறுக்கிறான். காரைக்குடியிலிருந்து இங்கே வந்து குடியேறி, பிள்ளைகளையும் வளர்த்து முடித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

9 விழுக்காடு என்றதும் சம்பளத்தில் ஒன்பது என்று எல்லோரும் பதறுகிறார்கள். அப்படி இல்லை. நீங்கள் கட்டும் வருமான வரியில்தான் 9 விழுக்காடு. பவேரியாவிலும் பாடன்-வுர்ட்டம்பெர்க்கிலும் 8. வருமான வரி மாதம் 600 யூரோ என்றால் கோயிலுக்கு 54 யூரோ போகும். பிள்ளைகள் இருந்தால் இன்னும் குறையும். ஆண்டு வரிக் கணக்கில் இதைச் செலவாகவும் காட்டலாம். 1919இல் வைமார் அரசியல் சட்டம் திருச்சபைகளுக்குத் தந்த உரிமை இது. 1949இல் இன்றைய அடிப்படைச் சட்டமும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. அரசே வசூலித்துக் கொடுக்கிறது, அதற்கான கூலியையும் எடுத்துக்கொள்கிறது.

அம்மாவுக்கு விளக்குவது எளிது. நகரத்தார் வீடுகளில் கல்யாணமானவர்கள் தங்கள் கோயிலில் புள்ளியாக, அதாவது ஒரு குடும்பக் கணக்காகச் சேர்ந்து புள்ளி வரி கட்டுவதைப் பார்த்தே வளர்ந்தவர் அவர். இங்கே வசூலிக்க ஊர்க் கணக்குப்பிள்ளைக்குப் பதில் வரி அலுவலகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

விலகும் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். வட்டார நீதிமன்றத்தில் அடையாள அட்டையைக் காட்டி, 30 யூரோ கட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் வினை. ஜெர்மன் ஆயர்கள் 2012இல் வெளியிட்ட ஆணைப்படி, விலகியவருக்குப் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) இல்லை, நன்மை (பூசையில் வாங்கும் நற்கருணை) இல்லை, மரண ஆபத்தில் மட்டுமே விதிவிலக்கு. ஞானத்தகப்பனாகவும் நிற்க முடியாது. திருச்சபைச் சட்டம் கற்பித்த பேராசிரியர் ஒருவரே, வரி வசூலிக்கும் அமைப்பிலிருந்து மட்டும் விலகுவதாகவும் விசுவாசத்தில் நீடிப்பதாகவும் அறிவித்தார். அந்த வழக்கு அதே ஆண்டு கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் வரை போனது. அப்படித் தனியாகப் பிரித்து விலக இடமில்லை என்றது நீதிமன்றம்.

என் மனம் பேராசிரியர் பக்கம்தான் சாய்கிறது. வரி கட்டாதவருக்கு நன்மை இல்லை என்பது, வரி வசூலித்த சக்கேயுவின் வீட்டிலேயே விருந்துண்ட இயேசுவின் சபைக்குப் பொருந்தவில்லை. ஆனாலும் நான் விலகவில்லை. விசுவாசம் போய்விட்டது என்றால் விலகுங்கள், அது நேர்மை. விசுவாசம் இருக்கும்போது 54 யூரோவுக்காக அது இல்லை என்று எழுதிக் கொடுப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அம்மாவின் அழுகையும் அதற்காகத்தான் இருக்கும்.

அடுத்தது பிரசங்கம். உங்கள் பங்குத்தந்தை சொந்தச் சரக்கைப் பேசவில்லை. 2024 பிப்ரவரியில் ஜெர்மன் ஆயர் பேரவை, இனவாத தேசியமும் கிறிஸ்தவமும் ஒத்துப்போகாது, குடியேற்றத்தை எதிர்க்கும் வலதுசாரி ஏஎஃப்டி கட்சிக்குக் கிறிஸ்தவர்கள் வாக்களிப்பதற்கில்லை என்று ஒருமனதாக அறிவித்தது. குடியேறி வந்த நமக்கு அது ஆறுதலாகத்தான் இருக்கிறது. கோயிலுக்குள் அரசியல் எதற்கு என்று நீங்கள் கேட்பதுதான் எனக்கு வேடிக்கை. அருளானந்தர் திருத்தலமான ஓரியூருக்கு நேர்ந்துகொண்டு போகிறவர்கள் கேட்கும் கேள்வியா இது? மறவர் நாட்டுத் தலைவர் தடியத்தேவர் கிறிஸ்தவராக மனந்திரும்பியதும், ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்றார் போர்ச்சுகலிலிருந்து வந்த குரு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ). தள்ளிவைக்கப்பட்ட இளைய மனைவி ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவு. முறையீடு அரண்மனைக்குப் போனது. 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் அருளானந்தரின் தலை விழுந்தது. குடும்பம், அரசு, வேதம் மூன்றும் சேர்ந்து சிக்கிய இடம் அது. அங்கே அந்தப் பெண்ணின் நிலையை யார் யோசித்தார்கள் என்ற கேள்வியும் எனக்கு உண்டு. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

ஜெர்மன் குடியுரிமை இல்லாமல் நாடாளுமன்றத் தேர்தலில் உங்களுக்கு வாக்கு இல்லை. பங்குப் பேரவைத் தேர்தலில் பாஸ்போர்ட் எந்த நாடு என்று பார்ப்பதில்லை. போய் வாக்களியுங்கள். வரியாகப் போகும் பணத்தைப் பற்றிக் கேள்வி கேட்கவும் அங்கே வழி உண்டு.

மகன் விஷயம். 1921ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதினான்கு வயதானால் மதத்தைப் பற்றி அவனே முடிவெடுக்கலாம். அவனுக்கும் அது தெரிந்திருக்கும், பள்ளியில் பேசிக்கொள்வார்கள். இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையை முழங்காலில் சொல்ல வைத்து வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதையே அவனிடம் எதிர்பார்த்தால் கதவைச் சாத்திக்கொள்வான். இரவில் ஜெபமாலையின் பத்து மணிகளை மட்டும், தேவகோட்டையில் இருக்கும் அப்பத்தாளை வீடியோவில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பாட்டிக்காக உட்காருவான்.

ஆகஸ்டில் கெவலாருக்குக் குடும்பத்தோடு வாருங்கள். நெதர்லாந்து எல்லைக்கு அருகில் இருக்கிறது. 1642 முதல் மக்கள் போய்வரும் தலம். உள்ளங்கை அளவுத் தாளில் அச்சடித்த மாதா படம் ஒன்றுதான் அங்கே மூலம். பிரார்த்தனையில் ‘கஸ்திப்படுகிறவர்களுக்குத் தேற்றரவே’ என்று சொல்கிறோமே, அந்தப் பெயர்தான் அந்த மாதாவுக்கு. ஈழத்தமிழர்கள் ஆண்டுதோறும் கூடும் தமிழ்ப் பூசை அங்கே நடக்கும். இந்துக்களும் நிறையப் பேர் வருவார்கள். மகன் முரண்டு பிடித்தால் பூசை என்று சொல்லாதீர்கள். கொத்து ரொட்டி கிடைக்கும் என்று சொல்லிக் கூட்டி வாருங்கள்.